குறை பின்னழுத்த ஒலியடக்கி

அரைத் தானியங்கி ரைபிள்களின் குழல்முனையில் பொருத்தும் சைலன்சர் வகை. ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற காலம் முதல், வழக்கமான ஒலியடக்கிகள் வெடிவாயுவைத் தடுப்புகளுக்கிடையே தேக்கி மெல்ல வெளிவிடுகின்றன. கையால் இயக்கும் போல்ட் ரைபிளில் இதனால் தொல்லை இல்லை. ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரைபிள்களோ அதே வாயுவின் விசையால்தான் அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. தேங்கிய அழுத்தம் திரும்பினால் போல்ட் மிகை வேகத்தில் பின்வாங்கும். பாகங்கள் தேயும், கரி படியும், ஈயத்துகள் கலந்த புகை சுடுபவரின் கண்ணிலும் மூச்சிலும் ஏறும். உடல்நலம் சார்ந்த இந்தக் கேடே முதன்மையாகக் கருதத்தக்கது.

குறை பின்னழுத்த வகையான புதிய வடிவங்கள் வாயுவை முன்னோக்கியே வழிந்தோடச் செய்கின்றன. பதிலாகக் குழல்முனை ஓசை சற்றுக் கூடலாம். ஆகவே முனையில் அளந்த டெசிபெலை மட்டும் நம்பித் தேர்வது தவறு. சுடுபவரின் காதருகே அளந்த மதிப்பே முக்கியம். குழல் நீளம், எடை, வாயு அளவைத் திருத்தும் வசதி ஆகியவையும் பார்க்கவேண்டியவை. எதைத் தேர்ந்தாலும் காதுக்காப்பு தேவை. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டப்படி ஒலியடக்கிகளைப் பதிவுசெய்தாக வேண்டும்.