கப்பலில் தலை எண்ணுதல்: பயணிகள் பாதுகாப்பு ஒத்திகையின் வரலாறு

உல்லாசக் கப்பலில் பயணம் செய்வோர் முதல் நாளிலேயே ஒரு நிகழ்ச்சியை எதிர்கொள்வர். கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்குமுன், ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் எங்கும் முழங்கும். உணவுக்கூடத்தில் இருப்பவரும் நீச்சல் குளத்தருகே சாய்ந்திருப்பவரும் எழுந்து, தமக்கென ஒதுக்கப்பட்ட கூடுமிடத்திற்குச் செல்ல வேண்டும். அவ்விடம் எதுவென்பது அறைக் கதவின் உட்புறத்திலும், பெரும்பாலும் பயண அட்டையிலும் குறிக்கப்பட்டிருக்கும். மின்தூக்கியில் செல்லலாகாது, படிகளின் வழியேதான் செல்ல வேண்டும். கூடுமிடத்தில் ஊழியர் ஒருவர் மிதவை அங்கியை அணியும் முறையைச் செய்து காட்டுவார். பின்னர் தலை எண்ணுவர், வராதவரைத் தேடுவர். கடலைக் காணும் ஆவலில் வந்தவர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலையாகவே தோன்றும். முணுமுணுப்போர் பலர்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என வினவினால், 'டைட்டானிக்' என்பதே எவரும் கூறும் விடை. அது பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. டைட்டானிக் மூழ்குவதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பல் இதே பாடத்தை உலகுக்குக் கற்பித்திருந்தது. அன்றைய கடல் வல்லரசுகள் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. நம் சமுதாயத்தின் நினைவிலும் அக்கப்பல் பெரிதாகத் தங்கவில்லை.

அக்கப்பலின் பெயர் 'ஜித்தா'. 1872-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பெற்ற நீராவிக் கப்பல் அது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற அரபு வணிகக் குடும்பமான அல்சகோஃப் குடும்பத்தாரோடு தொடர்புடைய நிறுவனம் அதன் உரிமையாளர். 1880 ஜூலையில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஏறத்தாழ ஆயிரம் பயணிகளை ஏற்றிக்கொண்டு அக்கப்பல் ஜித்தா துறைமுகம் நோக்கிப் புறப்பட்டது. ஆடவர், பெண்டிர், சிறார் என அனைவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அரபிக் கடலில் பெருங்காற்று வீசியது. கொதிகலன்கள் தம் பிடிப்பிலிருந்து தளர்ந்தன. அடிப்பகுதியில் நீர் புகுந்தது. பயணிகள் தாமே முன்வந்து நாள்கணக்கில் நீரை இறைத்தனர்.

ஆகஸ்டு 8-ஆம் நாள் விடியுமுன், குவார்டஃபூயி முனைக்கு அப்பால், கப்பல் தலைவர் ஜோசப் கிளார்க் தம் மனைவியையும் முதன்மை அதிகாரியையும் வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு படகில் இறங்கிவிட்டார். தங்களைக் கைவிட்டுச் செல்கின்றனர் என்பதை உணர்ந்த பயணிகள் தடுக்க முயன்றனர், கைகலப்பும் நேர்ந்தது. பயனில்லை. படகில் சென்றவர்களை 'சிந்தியா' என்னும் கப்பல் மீட்டு ஏடனில் சேர்த்தது. 'ஜித்தா' பயணிகளோடு மூழ்கிவிட்டது எனத் தலைவர் அங்கே அறிவித்தார். அச்செய்தி தந்தி வழியே உலகெங்கும் பரவியது.

மறுநாள், மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட அக்கப்பல் 'ஆன்டெனர்' என்னும் வேறொரு கப்பலால் இழுக்கப்பட்டு ஏடன் துறைமுகத்துள் நுழைந்தது. கைவிடப்பட்ட பயணிகள் இடைவிடாமல் நீரிறைத்து அதை மிதக்க வைத்திருந்தனர். அவ்வழியே வந்த 'ஆன்டெனர்' கப்பலின் அதிகாரி ஏறி வந்தபோது அவர்கள் அவரோடு ஒத்துழைத்தனர். ஏடனில் நடைபெற்ற விசாரணை, தலைவரின் தகுதிச் சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கடலில் விட்டுச் சென்றதற்கு மூன்று ஆண்டுகள்! ஜோசப் கான்ராட் 1900-இல் நூலாக வெளியிட்ட 'லார்டு ஜிம்' நாவலுக்கு இந்நிகழ்ச்சியே கரு. ஆங்கில இலக்கியம் பயின்றோர் அந்நாவலை ஓர் இளம் அதிகாரியின் மனச்சான்றுப் போராட்டமாகவே அறிவர். அக்கப்பலின் தளத்தில் உறங்கிக் கிடந்த ஹஜ் பயணிகளின் பக்கம் நின்று அதை வாசிப்போர் குறைவு.

இங்கே கருத வேண்டியது தலைவரின் கோழைத்தனம் மட்டுமன்று. அந்நாளைய சட்டங்கள் பயணிகளைக் கணக்கிடவே இல்லை எனக் கூற முடியாது. ஒரு பயணிக்குத் தளத்தில் எத்தனை சதுர அடி இடம், எவ்வளவு குடிநீர் என்றெல்லாம் ஹஜ் கப்பல்களுக்கு விதிகள் இருந்தன. சரக்கைப் போல் அடுக்குவதற்கான கணக்கு அது. ஆபத்து நேர்ந்தால் இம்மனிதர் எங்கே நிற்பார், எந்தப் படகில் ஏறுவார், அதை அவருக்கு யார் சொல்வார் என்னும் கணக்கு எவர் ஏட்டிலும் இல்லை. இருந்த படகுகளோ அத்தனை பேருக்கும் போதா.

கப்பலில் உள்ள ஒவ்வோர் உயிரும் தனித்தனியே எண்ணத்தக்கது என்னும் கருத்து முஸ்லிம் சட்ட அறிஞர்களுக்குப் புதியதன்று. புயலில் சிக்கிய கப்பலின் சுமையைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிவது பற்றியும், அவ்விழப்பை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றியும் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'அல்முஸ்தஸ்ஃபா' நூலில் இன்னும் கடினமான ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறார். ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர் என்னும் நிலையில், சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்து எறியலாமா? ஆகாது என்பதே அவர் முடிவு. மேல்தளத்தாரும் கீழ்த்தளத்தாரும் ஒரே கப்பலில் பயணம் செய்யும் உவமையை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) வழியாக வந்த ஹதீஸில் அனைவரும் அறிவர். கீழ்த்தளத்தார் தம் தேவைக்கெனத் துளையிட முற்பட்டால், அவர்களைத் தடுப்பதில்தான் இரு தளத்தாரின் உயிரும் அடங்கியுள்ளது என்பது அதன் கருத்து. 1880-இல் நேர்ந்தது இவ்வுவமையின் தலைகீழ் வடிவம். துளைத்தவர் கீழ்த்தளத்தார் அல்லர். தப்பிச் சென்றவர்களோ மேல்தளத்தார்.

டைட்டானிக்கின் கதை நன்கறியப்பட்டது, சுருக்கமாகவே சொல்லலாம். 1894-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட அட்டவணை, கப்பலின் எடையளவைக் கொண்டே படகுகளின் எண்ணிக்கையை நிர்ணயித்தது. அவ்வட்டவணை 10,000 டன்னோடு முடிந்துவிட்டது. அதற்கு மேற்பட்ட எக்கப்பலுக்கும் 16 படகுகள் போதும். டைட்டானிக்கோ 46,000 டன்னுக்கும் மேற்பட்டது. அதிலிருந்த 20 படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது. ஏறியிருந்தவர் ஏறத்தாழ 2,200 பேர். ஜித்தா காலத்துச் சட்டம் சதுர அடியை எண்ணியது என்றால், டைட்டானிக் காலத்துச் சட்டம் டன்னை எண்ணியது எனலாம். 1912 ஏப்ரல் 15-ஆம் நாள் அதிகாலையில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இருந்த படகுகளும் நிரம்பவில்லை என்பதே ஒத்திகையின் வரலாற்றில் முதன்மையான செய்தி. 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு 12 பேரோடு இறக்கப்பட்டது. எங்கே செல்வது என்பதைப் பயணிகளுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பெருங்கப்பல் மூழ்கும் என்பதைப் பலர் தொடக்கத்தில் நம்பவும் இல்லை.

அதன் விளைவாக 1914 ஜனவரியில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை லண்டனில் கையெழுத்தாயிற்று. அனைவருக்கும் படகில் இடம் என்னும் கொள்கை அதில் இடம்பெற்றது. முதல் உலகப் போர் மூண்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929-இல் இரண்டாம் உடன்படிக்கை உருவாயிற்று. நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. படுக்கை வசதியின்றிப் பெருந்திரளாக ஏற்றிச் செல்லப்படும் பயணிகளின் கப்பல்களுக்கு, முழு விதிகளையும் செயற்படுத்துதல் இயலாதெனில் விலக்கு அளிக்கலாம் என அவ்வுடன்படிக்கை இடமளித்தது. அத்தகைய போக்குவரத்துக்கு எடுத்துக்காட்டாக அது பெயர் சுட்டியது ஹஜ் பயணத்தையே! அவ்வகைக் கப்பல்களுக்கென 1931-இல் 'சிம்லா விதிகள்' வகுக்கப்பட்டன. அவற்றால் சில நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கைவிடப்படுதல் என்றால் என்ன என்பதை உலகில் எவரினும் நன்கறிந்த மக்களுக்கே விலக்கு வைக்கப்பட்டது வரலாற்றின் கொடிய முரண். அதற்கு ஓராண்டுக்கு முன், 1930 மே மாதத்தில், 'ஏஷியா' என்னும் பிரெஞ்சுக் கப்பல் ஜித்தா துறைமுகத்திலேயே தீப்பற்றி எரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள் மாண்டிருந்தனர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' போன்ற கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துச் சென்ற நம் முன்னோரும் இப்படுக்கையற்ற வகுப்பினரே. சிம்லா விதிகளுக்குப் பதிலாகப் புதிய உடன்படிக்கை 1971-இல்தான் உருவாயிற்று. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல் செல்வது 1995-ஆம் ஆண்டோடு நின்றது.

செல்வர் பயணம் செய்த கப்பல்களிலும் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதவில்லை. ஹவானாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற 'மாரோ காசில்' 1934 செப்டம்பர் 8-ஆம் நாள் நியூஜெர்சிக் கரைக்கருகே தீப்பற்றியது. 137 பேர் மாண்டனர். முந்தைய இரவுதான் கப்பல் தலைவர் திடீரென இறந்திருந்தார். தப்ப முயன்றவர்களுள் பலர் தக்கையாலான கடினமான மிதவை அங்கியோடு உயரத்திலிருந்து குதித்தனர். நீரில் மோதியபோது அவ்வங்கியே மேலெழுந்து தாக்கியதால் நினைவிழந்தோரும் கழுத்து முறிந்தோரும் உண்டு. அங்கியை அணிந்த பின் உயரத்திலிருந்து குதிக்கலாகாது என்றும், குதிக்கத்தான் வேண்டுமெனில் அதைக் கைகளால் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தரும் வழக்கத்தின் பின்னால் இவ்வுயிர்கள் உள்ளன.

பயணிகளைக் கூட்டிக் கற்பிக்க வேண்டும் என்னும் விதி பின்னர் நிலைபெற்றது. ஆனால், ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அந்த இடைவெளியின் விலையை 2012 ஜனவரி 13-ஆம் நாள் இத்தாலியின் ஜீலியோ தீவருகே உலகம் கண்டது. 'கோஸ்டா கான்கார்டியா' 4,229 பேரோடு பாறையில் மோதியது. சில மணி நேரத்துக்கு முன் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பேருக்கு ஒத்திகை நடைபெறவே இல்லை. அது மறுநாளுக்கு வைக்கப்பட்டிருந்தது. விதியை எவரும் மீறவில்லை! மோதியது இரவு 9.45 மணிக்கு. பொது அபாய ஒலி எழுப்பப்பட்டது 10.33 மணிக்கு. கப்பலைக் கைவிடும் ஆணை பிறந்ததோ 11 மணியை நெருங்கும்போது. மின்தடை என்று கூறிப் பயணிகளை அமைதிப்படுத்துவதிலேயே அந்த முக்கால் மணி நேரம் கழிந்தது. கப்பல் சாய்ந்த பின் படகுகள் பலவற்றை இறக்குவது அரிதாயிற்று. 32 பேர் மாண்டனர். பயணிகள் பலர் உள்ளே இருக்கையிலேயே கப்பல் தலைவர் கரை சேர்ந்திருந்தார். அவருக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை 2015-இல் விதிக்கப்பட்டு, 2017-இல் உறுதி செய்யப்பட்டது. 1880-இன் மூன்று ஆண்டுச் சான்றிதழ் நிறுத்தத்தோடு இதை ஒப்பிட்டால், நீதி சற்றேனும் நகர்ந்திருக்கிறது எனலாம்.

இதற்கிடையே செங்கடலின் துயரத்தை உலக ஊடகங்கள் விரைவில் மறந்தன. 1991 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து திரும்பிய 'சாலெம் எக்ஸ்பிரஸ்' எகிப்தின் சஃபாகா அருகே பவளப்பாறையில் மோதி விரைவில் மூழ்கியது; 450-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2006 பிப்ரவரியில் சவூதியின் துபாவிலிருந்து சஃபாகாவுக்குச் சென்ற 'அஸ்ஸலாம் பொக்காச்சியோ 98' கப்பலில் தீப்பற்றியது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரே வாகனத் தளத்தில் தேங்கிக் கப்பலைக் கவிழ்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊர் திரும்பிய எகிப்தியத் தொழிலாளர்கள். மிதவை அங்கியை அணிய வேண்டாம் எனக் கப்பல் ஊழியர் கூறியதாக உயிர்பிழைத்தோர் சிலர் சொன்னார்கள். ஒருநாளுக்கும் குறைவான இத்தகைய பயணங்களில் கூட்டி எண்ணும் ஒத்திகை கட்டாயமன்று; அறிவிப்பு ஒன்றே போதும். விலக்கு எப்போதும் எளியவர் ஏறும் கப்பலையே தேடி வருவது தற்செயல்தானா என்னும் ஐயம் எழாமலில்லை.

'கான்கார்டியா'வுக்குப் பின் விதி திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் புதிதாக ஏறிய பயணிகளுக்கான ஒத்திகை, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தப்பட வேண்டும். 2020-இன் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின், நெருக்கமாகக் கூடி நிற்பதைத் தவிர்க்கக் கப்பல் நிறுவனங்கள் வேறொரு முறையைக் கொண்டுவந்தன. பயணி தம் கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, தமக்குரிய கூடுமிடத்திற்கு வசதியான வேளையில் நேரில் சென்று அட்டையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வசதி மிகுந்த ஏற்பாடுதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படிகளில் இறங்கும்போது நேரும் நெரிசலை அது கற்பிக்காது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எம்முறையாயினும், இன்றைய கப்பலில் ஏறும் பயணி எதிர்பார்க்க வேண்டியவை சில. பெரியவர் அனைவருக்கும் போக மிகுதியாகவும் அங்கிகள் உண்டு. சிறுவர்க்கும் கைக்குழந்தைகளுக்கும் தனி அளவுகள் உண்டு. குழந்தையோடு செல்வோர் அவ்வங்கி அறையில் இல்லையெனில் முதல் நாளே கேட்டுப் பெற வேண்டும். நடக்க இயலாதோர் தம் நிலையை முன்கூட்டித் தெரிவித்தால், உதவிக்கென ஆள் குறிக்கப்படுவார். அனைவரும் அங்கியோடு கூடியபின், கைவிடும் ஆணை பிறந்த 30 நிமிடத்துக்குள் எல்லாரும் படகில் இறக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த 30 நிமிடம் தொடங்குவது அனைவரும் வந்து சேர்ந்த பிறகுதான். ஆகவே கூடுமிடத்தில் நிற்கும் ஊழியர், அறை எண்ணை அழைத்து, விடை வராத பெயரை மீண்டும் அழைக்கிறார். பிறகு ஒருவரை அந்த அறைக்கு அனுப்புகிறார்.