மலாயாப் படையெடுப்பு (1941–1942)

இரண்டாம் உலகப் போரில், பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவை ஜப்பான் கைப்பற்றிய போர் நடவடிக்கை. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும், சிங்கப்பூர்க் கடற்படைத் தளமும் ஜப்பானின் முக்கிய இலக்குகள்.

1941 டிசம்பர் 8 அதிகாலையில் கிளந்தானின் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களிலும் ஜப்பானியர் தரையிறங்கினர். கோத்தா பாரு தாக்குதல் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே தொடங்கிவிட்டது. டிசம்பர் 10 அன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன.

ஜப்பானியத் தளபதி தொமோயுகி யமாஷிதாவின் 25ஆம் படை, மிதிவண்டிகளையும் டாங்கிகளையும் கொண்டு மேற்குக் கரைச் சாலைகளில் விரைந்து தெற்கே இறங்கியது. ஜித்ரா, சிலிம் ஆறு ஆகிய இடங்களில் பிரித்தானிய, இந்தியப் படைகள் தோற்றன. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. மாத இறுதியில் எஞ்சிய படைகள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, ஜொகூர் பாலத்தைத் தகர்த்தன. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரித்தானியத் தளபதி ஆர்தர் பெர்சிவல் சரணடைந்தார்.

பின்னர், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். ஜப்பானிய ஆட்சி 1945இல் முடிவுற்றது.