கைத்தொலைபேசியில் இடும் சம்மதம்: தீவகக் கடலோரத் தொழில்களும் பொறுப்புத் துறப்புச் சட்டமும்

1. ஆய்வுப் பொருள்

காரைநகர் கசூரினா கடற்கரையைத் தேடி வருவோரில் புலம்பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. தங்குமிடம், வள்ளச் சவாரி, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகும் ஒழுங்கு எல்லாவற்றையும் லண்டனில் அல்லது ரொறன்ரோவில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் பேசி முடித்துவிட முடிகிறது. இத்தகைய தொழில் நடத்தும் ஒருவர் வாடிக்கையாளருக்கு இணையப் படிவம் ஒன்றை அனுப்புகிறார் என்று கொள்வோம். அதன் அடியில், “எந்த விபத்துக்கும் நாம் பொறுப்பல்ல” என்றொரு வரியும், சரி அடையாளம் இட ஒரு சிறு கட்டமும் இருக்கின்றன.

அந்த அடையாளம் இலங்கைச் சட்டத்தின் முன் எவ்வளவு பெறும் என்பதே இங்கு ஆராயப்படுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிவம் செல்லும், உரிமையாளர் மிகவும் நம்பியிருக்கும் அந்த வரி, உயிருக்கும் உடலுக்கும் நேரும் கேடு அவருடைய கவலையீனத்தால் வந்ததாயின், செல்லாது.

2. சரி அடையாளம் ஒப்பமாகுமா?

ஆகும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட இடமளிப்பதில்லை. 2017 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் திருத்தம் அதனை 2005 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோடு இசைவித்தது. ஆகவே வட்சப்பில் வந்த “சரி” என்ற ஒரு சொல்கூடச் சான்றாகலாம்.

இச்சட்டத்துக்கு விலக்குகளும் உண்டு. மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம், காணி விற்பனை ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைக் கனடாவிலிருந்து ஒரு குறுஞ்செய்தியால் விற்றுவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். காணிக்கு 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் கேட்கும் நொத்தாரிசு உறுதியே வேண்டும்.

அடையாளம் எப்போது இடப்பட்டது என்பதும் முக்கியம். 1970 இல் இங்கிலாந்தின் தோர்ன்டன் வழக்கில், வாகனத் தரிப்பிடத்தின் இயந்திரம் சீட்டைக் கொடுத்த பின்னர் காட்டப்பட்ட நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. ஒப்பந்தப் பொதுவிதிகளுக்கு உரோம-டச்சுச் சட்டத்தையே நாடும் நமது நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டாது. ஆயினும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். காசை வாங்கி, ஆட்களை வள்ளத்தில் ஏற்றிய பிறகு நீட்டும் படிவம் காலம் கடந்த படிவம்.

3. துறக்க முடியாத பொறுப்பு

இதுவே இப்பொருளின் மையம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இங்கிலாந்தின் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. தொழில் நடத்துபவரின் கவலையீனத்தால் மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அறிவித்தலாலும் அப்பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்பது அதன் அடிப்படை. நனைந்து பழுதான புகைப்படக் கருவி, தொலைந்த பயணப்பை போன்ற ஏனைய இழப்புகளில் பொறுப்பைக் குறைக்கும் வாசகம் நியாயமானதாக இருந்தால் மட்டும் நிற்கும்.

அப்படியானால் படிவத்தால் பயனே இல்லையா? உண்டு. கடலுக்கே உரிய ஆபத்து வேறு. வள்ளக்காரர் உண்டாக்கும் ஆபத்து வேறு. சோளகக் காலத்து அலையில் வள்ளம் ஆடும், தலை சுற்றும், ஏறி இறங்கும்போது கால் வழுக்கலாம். இவற்றை நன்கு அறிந்து, விரும்பி ஏற்ற ஒருவர் பின்னர் நட்டஈடு கோருவது கடினம். அறிந்து ஏற்ற ஆபத்து என்ற எதிர்வாதத்தை உரோம-டச்சுச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியதையோ, உயிர்காப்பு அங்கி கொடுக்காமல் விட்டதையோ எந்தப் பயணியும் “ஏற்றுக்கொண்டதாக” நான் கருதமாட்டேன், சட்டமும் கருதாது.

புலம்பெயர்ந்தோரிடையே இதில் ஒரு குழப்பம் காணப்படுகிறது. ஒன்ராரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் பனிச்சறுக்குத் திடல்களின் பொறுப்புத் துறப்புக்கு இடமளித்துத் தீர்ப்பளித்தது. அதே கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குடியியல் சட்டக்கோவையின் 1474 ஆம் உறுப்புரை உடற்காயத்துக்கான பொறுப்பைத் துறக்கவே விடாது. ரொறன்ரோவில் பழகிய படிவத்தை அப்படியே நகலெடுத்துக் காரைநகரில் ஒட்டினால், அது அந்த மண்ணின் பலத்தையும் கூடவே கொண்டுவராது.

4. யார் யாருக்காகச் சம்மதிக்கலாம்?

இருபது பேர் கொண்ட நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் யாத்திரைக்கு ஒருவரே படிவம் நிரப்புவது வழக்கமாகலாம். மற்றப் பத்தொன்பது பேரும் அதிகாரம் கொடுத்தாலன்றி அவர்களை அது கட்டாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் இடும் அடையாளத்தையும் நம்ப முடியாது. இன்னொன்று பலர் அறியாதது: இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்த மனைவி மக்கள் கோரும் நட்டஈடு, உரோம-டச்சு மரபில் அவர்களுடைய சொந்த உரிமை. அவர் தம் கையால் எழுதிக் கொடுத்ததைக் காட்டி அவர்களின் வாயை அடைக்க இயலாது.

5. தரவுக்கான சம்மதம்

கடவுச்சீட்டு இலக்கம், நோய் விபரம் முதலியவற்றையும் படிவம் கேட்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. அது வேண்டும் சம்மதம் சுயவிருப்பில், குறித்த நோக்கத்துக்காக, விளங்கித் தரப்பட்டது. பின்னர் மீளப்பெறவும் கூடியது. முன்கூட்டியே அடையாளமிட்டு வைத்த கட்டம் அவ்வகைச் சம்மதமாகாது. விபத்துப் பொறுப்பையும் தரவுச் சம்மதத்தையும் ஒரே கட்டத்துக்குள் அடைப்பதும் தவறு.

6. மொழி

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், தமிழரே நடத்தும் தொழிலில், தமிழ்ப் பயணிக்கு ஆங்கிலத்தில் மட்டும் சிற்றெழுத்துப் படிவம் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. ஊரிலிருந்து கூடவே வரும் அம்மம்மாவுக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. காற்று எப்படி இருக்கிறது, எத்தனை பேருக்கு இடம், அங்கி எங்கே இருக்கிறது, நீந்தத் தெரியாதவர் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நாலு வரி, புறப்படுவதற்கு முதல்நாளே போய்ச்சேர வேண்டும்.

தொழில் நடத்தும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: “எந்த விபத்துக்கும் நாம் பொறுப்பல்ல” என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் வள்ளத்திலுள்ள உயிர்காப்பு அங்கிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள்.