கரிசல் மண்ணில் வளர்ந்த வளைகோல்

நம் மாரண்டஹள்ளியைப் போன்ற ஊர்களில் விளையாட்டுக் கழகம் ஒன்றை நிலைநிறுத்த விழைவோர் அறியவேண்டிய வரலாறு, தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியினுடையது.

தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அவ்வூர், வளைகோற் பந்தாட்டமாகிய ஹாக்கிக்கும் விளைநிலமாகத் திகழ்கிறது. நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தோன்றிய கழகங்கள், மூத்த ஆட்டக்காரர் இளையோர்க்குக் கோல்பிடிக்கக் கற்பிக்கும் வழக்கத்தால் தலைமுறை கடந்து நிலைத்தன. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி, நாட்டின் சிறந்த அணிகளை அவ்வூருக்கே வரவழைத்தது.

இவ்வாட்டத்திற்கு ஒரு பெருஞ்சோதனையும் நேர்ந்தது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தளத்தில் ஹாக்கி ஆடப்பெற்றது. 1928 முதல் பதக்கமின்றித் திரும்பியறியாத இந்தியா, அங்கு ஏழாம் இடமே பெற்றது. மண்தரையில் பழகியோர்க்கு உயர்நிலைப் போட்டிகள் எளிதில் எட்டாதனவாயின. பெரும்பொருள் வேண்டும் அத்தளத்தைச் சிறு கழகங்கள் தாமே அமைத்தல் அரிது. பிற்காலத்தில் அரசின் முயற்சியால் கோவில்பட்டியில் செயற்கைத் தளமும் பயிற்சி விடுதியும் அமைந்தபோது, கழகங்கள் காத்துவந்த திறமைக்கு வழி பிறந்தது.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நிகழ்ந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் அதன் பயன் விளங்கிற்று. தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்குப் பயின்ற கார்த்தி செல்வமும் இந்திய அணியில் இடம்பெற்றனர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் வென்றது.

தளம் பின்னரே வந்தது; ஆட்டத்தைக் கைவிடாதோர் முன்னரே இருந்தனர். நம்மூர்த் திடல்களையும் அங்கு இளையோரைப் பயிற்றுவோரையும் பேணுதல் நம் கடனாகும்.