கடலின் கணக்கும் மலையின் மழையும்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் அமைந்தது கொஸ்லந்த. கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அம்மலைச் சரிவுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றைக் கடலின் வெப்பநிலையும் வளியின் அமுக்கமும் பெரிதும் வகுத்துள்ளன எனின் அது மிகையாகாது.

1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஊரில் உயிர்வாழ வழியற்ற மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையேறிக் காட்டுவழியே கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களை நாடினர். அப்பஞ்சத்துக்கு ஆட்சியாளரின் கொள்கைகளும் காரணமாயின. ஆனால் மழை பொய்த்தமைக்கான காரணம் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருந்தது. 1877இல் அக்கடலின் மத்திய, கிழக்குப் பகுதிகளின் மேற்பரப்பு நீர் வழமைக்கு மாறாக வெப்பமுற்றிருந்தது. இன்று 'எல் நினோ' எனப்படும் அந்நிகழ்வை அன்று அறிந்தார் எவருமிலர்.

அதனை அறியும் வழியைத் திறந்தது புள்ளிவிபரவியலே. 1899இல் பருவமழை மீண்டும் பொய்த்துப் பஞ்சம் தோன்றிய பின்னர், 1904இல் கணித அறிஞரான கில்பேட் வோக்கர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்றார். உலகின் பல நிலையங்களில் பதிவான அமுக்கம், வெப்பநிலை, மழைவீழ்ச்சி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் இணைபுக் குணகங்களை இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணிப்பித்தார். பசிபிக்கில் அமுக்கம் உயருங்கால் இந்து சமுத்திரப் பகுதியில் அது தாழும் என்னும் ஊசலாட்டம் அக்கணக்கிலிருந்தே வெளிப்பட்டது. 1924இல் அவர் அதற்குத் 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். அவ்வலைவு கடல் வெப்பத்துடன் பிணைந்தது என்பதை 1969இல் பியர்க்னெஸ் விளக்கினார்.

கடலின் உள்ளே நிகழ்வதை அளத்தல் அதனினும் அரிது. ஆழத்தைக் கயிற்றின் நீளத்தால் மட்டும் அறிதல் இயலாது. நீரோட்டம் கயிற்றைச் சாய்த்துவிடும். எனவே அமுக்கத்தை அளந்து ஆழத்தை அறிவர். அமுக்கம் 1 டெசிபார் கூடின் ஆழம் ஏறத்தாழ 1 மீற்றர் கூடியதாகும். இதனாற்றான் கடலியல் வரைபுகளில் அமுக்க அச்சு மேலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் தரவுகளைத் திரட்டின. அவற்றைக் கொண்டு கிளவுஸ் விர்ட்கி 1971இல் கடலியல் வரைபடத் தொகுதியொன்றை வெளியிட்டார். 1999இல் இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறி வெப்பமுறும் 'இருமுனை' நிகழ்வை சஜியும் அவருடன் ஆய்ந்தோரும் வெளிப்படுத்தினர். இன்று ஆர்கோ மிதவைகள் பத்து நாட்களுக்கொருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து தரவுகளை அனுப்புகின்றன. வோக்கரின் எழுத்தர்கள் பல்லாண்டு உழைத்த கணக்கை, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் உருவான 'ஆர்' என்னும் புள்ளிவிபர மென்பொருள் நொடிப்பொழுதில் முடித்து வரைபாகவும் தருகிறது.

இவ்வறிவு கொஸ்லந்தவுக்கு எவ்வாறு பயன்படும் என்பதே வினா. இந்தியாவில் தென்மேல் பருவமழையைக் குறைக்கும் அதே எல் நினோ, இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையை மிகுவிக்கும் இயல்பினது. பாட்டன்மாரை வறட்சியால் மலைக்கு விரட்டிய கடல், பேரர்களின் லயங்களுக்கு மேலுள்ள மண்ணை மழையால் நனைக்க வல்லது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, தொடர்மழையின் பின்னர் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அந்நிலம் அபாயத்துக்குரியது என்று 2005இலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது.

எனவே, அங்கு குறைவாயிருந்தது அளவீடு அன்று. அறிந்ததைச் செயலாக்கும் கடமையும், மக்கள் குடிபெயர்வதற்கு வேண்டிய பாதுகாப்பான நிலமும் வீடுமே குறைவாயிருந்தன. தமக்கெனக் காணியில்லாத குடும்பத்திடம் 'வெளியேறுக' என்பது பாதி எச்சரிக்கையே. வரைபின் கோடு எத்துணை நுட்பமாயினும், அது லயத்தின் வாசலை எட்டும்போதே அறிவியல் தன் பயனை எய்தும்.