ஜாவாஸ்கிரிப்டும் பெயர்ச் சண்டையும்

ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் என்ன செய்வார்கள்? இனிஷியலைச் சேர்த்து எஸ். கார்த்திக், எம். கார்த்திக் என்று கூப்பிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இந்தச் சின்ன வசதி முறைப்படி கிடைக்க 20 வருடங்கள் ஆயின.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற சில்லறை வேலைகளுக்கான மொழி அது. ஒரு பக்கத்தில் எத்தனை கோப்புகளைச் சேர்த்தாலும் அவற்றின் பெயர்கள் எல்லாம் ஒரே பொது இடத்தில் வந்து விழும். இரண்டு கோப்புகளில் 'டோட்டல்' என்று ஒரே பெயரில் மாறி இருந்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தப்பாக வரும்!

2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தன. நிரல்கள் ஆயிரக்கணக்கான வரிகளாக வளர்ந்தன, மோதலும் வளர்ந்தது. 2005-ல் வந்த புரோட்டோடைப், 2006-ல் வந்த ஜேக்வெரி இரண்டுமே டாலர் குறியைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டன. அந்தக் குறியைப் பழைய சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதற்கென்று ஜேக்வெரியில் 'நோகான்ஃப்ளிக்ட்' என்ற கட்டளையே உண்டு.

யாஹூ கண்ட வழி இனிஷியல்தான். 2006-ல் அது வெளியிட்ட ஒய்யுஐ நூலகத்தில் எல்லாமே 'யாஹூ' என்ற ஒரே பொருளுக்குக் கீழே தொங்கின. இதுதான் நேம்ஸ்பேஸ். ஆனால் இனிஷியல் மோதலைத்தான் தடுக்கும், உள்ளே இருப்பதை மறைக்காது. அதற்கு வேறொரு உத்தி வந்தது. நிரலை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து உடனே இயக்கி, வெளியாருக்குத் தேவையானதை மட்டும் திருப்பித் தருவது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய இந்த முறைக்கு 'மாட்யூல் பேட்டர்ன்' என்று பெயர்.

மொழியின் நான்காம் பதிப்பில் இதற்கு அதிகாரபூர்வ வசதி வருவதாக இருந்தது. குழுவுக்குள் கருத்து வேறுபாடு முற்றி, 2008-ல் அந்தப் பதிப்பே கைவிடப்பட்டது. நிரலர்கள் காத்திருக்கவில்லை. 2009-ல் கெவின் டாங்கூர் தொடங்கிய முயற்சி காமன்ஜேஎஸ் ஆனது. அதே ஆண்டு ரையன் டால் உருவாக்கிய நோட் அதை ஏற்றுக்கொண்டது. இனி ஒவ்வொரு கோப்பும் தனி அறை. பிரவுசரிலோ கோப்பு இணையம் வழியாக வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், அங்கே ரெக்வயர்ஜேஎஸ் என்ற வேறு வழி பரவியது. ஒரே நூலகத்தை இரண்டு முறைக்கும் பொருந்தும்படி எழுத வேண்டியதாயிற்று.

2015 ஜூனில்தான் 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' இரண்டும் மொழியின் விதிகளில் ஏறின. முக்கிய பிரவுசர்கள் அவற்றை ஏற்க 2017, 2018 ஆகிவிட்டது.

சண்டை அதோடு முடிந்ததா? இல்லை. மாட்யூல்களைப் பகிரும் என்பிஎம் கிடங்கில் ஒரு பெயருக்கு ஒருவர்தான் சொந்தக்காரர். 2016 மார்ச்சில் 'கிக்' என்ற பெயரை ஒரு நிறுவனம் கேட்டது. கிடங்கு அதை எடுத்துக் கொடுத்தது. கோபப்பட்ட நிரலர் தன் தொகுப்புகள் எல்லாவற்றையும் நீக்கினார். அவற்றில் 'லெஃப்ட்பேட்' என்ற 11 வரி நிரலும் ஒன்று. அதை நம்பியிருந்த பாபெல் உட்பட எத்தனையோ திட்டங்கள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் கிடங்கே அதை மீட்டு வைத்தது.

பெயருக்கு முன்னால் உரியவரின் அடையாளத்தைச் சேர்க்கும் வசதி என்பிஎம்மில் 2014-லேயே வந்திருந்தது. ஆனால் பழைய பெயர்களை மாற்றினால் அவற்றை நம்பிய நிரல்கள் உடையும். அதனால் இனிஷியல் இல்லாத பெயர்கள் இன்றும் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கின்றன.