டி.என்.ஏ. வளைந்த வரலாறு

நம் உயிரணு ஒன்றின் கருவுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ. இழை அடங்கியுள்ளது. அதனை வளைப்பது எளிதன்று. இழையின் இருபுறமும் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. அவை ஒன்றையொன்று தள்ளி இழையை விறைப்பாக்குகின்றன.

1884ஆம் ஆண்டில் ஆல்பிரெக்ட் கோசல் கண்டறிந்த ஹிஸ்டோன் புரதங்களோ நேர் மின்னூட்டம் மிக்கவை. அவற்றின்மீது இழை சுருள்வது எங்ஙனம்? 1979இல் மிர்சபேகோவும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு விளக்கம் தந்தனர். புரதம் தொடும் பக்கத்தில் மின்னூட்டம் தணிகிறது. மறுபக்கத்தில் தள்ளுவிசை நீடிக்கிறது. எனவே இழை புரதத்தை நோக்கி வளைகிறது.

கருத்து சரிதானா? 15 ஆண்டுகள் கழித்து, 1994இல், ஸ்ட்ராஸ், மேஹர் இருவரும் புரதமே இல்லாமல் சோதித்தனர். ஒரு பக்கத்தில் ஆறு பாஸ்பேட்டுகளின் மின்னூட்டத்தை நீக்கினர். இழை அப்பக்கமே ஏறத்தாழ 20 பாகை வளைந்தது! இழையின் எழுத்து வரிசைக்கும் வளைவில் பங்குண்டு. எனினும் மின்விசையின் பங்கு அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! ‘ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும்’ என்று பிள்ளைகள் மனனம் செய்யும் விதிதான் இது. அவ்விதி அவர்தம் உடலுக்குள்ளும் இயங்குவதை எடுத்துச் சொல்வோம். மனனம் செய்தது மனத்தில் பதியும்.